பொட்டு வைத்த இடம்

அந்தப் பெட்டியைப் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் ஒரு பாத்திரக் கடையில் வாங்கினேன். உண்மையில் அது உண்டியல். பூட்டும் இரண்டு சாவியும் கொண்ட எவர்சில்வர் உண்டியல். முகப்பில் ஒட்டியிருந்த லட்சுமி படத்தைப் பதமாக உரித்தெடுத்துக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் "பயப்படாமல் எழுதுங்கள்" என்று ஸ்டிக்கர் ஒட்டினேன். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் எங்கள் விமானம் நிற்கும் கொட்டகையின் சுவரில் நானே மாட்டினேன். ஏழு மாதம் அது காலியாகத் தொங்கியது. மாதக் கடைசியில் சிரத்தையாகத் திறந்து பார்ப்பேன். ஒரு முறை உள்ளே மிட்டாய்க் காகிதம் ஒன்று கிடந்தது. யாரோ கேலிக்குப் போட்டது என்று தெரிந்தும், அதைக் குப்பையில் போட மனம் வராமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன்.

நான் விமானத்துக்குப் படித்தவள் இல்லை. கஞ்சிக்கோட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. ஹெல்மெட் போடுங்கள், கண்ணாடி போடுங்கள் என்று ஆட்களோடு மல்லுக்கட்டுவதுதான் தொழில். எங்கள் முதலாளி பாலக்காட்டு டவுனில் இரும்புக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்திலிருந்து வந்தவர். வியாபாரம் வளர்ந்து, சிறிய ஜெட் விமானம் ஒன்றையும் வாங்கினார். டிக்கெட் விற்று ஆள் ஏற்றுவதில்லை. அவரும் அவர் ஆட்களும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பார்க்கப் போய்வருவதற்கு மட்டும்.

ஒரு முறை வெளிநாட்டில் இறங்கியபோது, அந்த ஊர் அதிகாரிகள் விமானத்துக்குள் ஏறி வந்து காகிதம் காகிதமாகக் கேட்டார்களாம். உங்கள் பாதுகாப்பு மேலாண்மை முறை எங்கே? ஆபத்துகளை எழுதி வைத்த பதிவேடு எங்கே? எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டிய மேலாளர் யார்? கேப்டன் என்னென்னவோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தார். முதலாளி திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சரே, ஹெல்மெட்டு மாதிரி ப்ளேனுக்கும் என்னவோ வேணுமாம். கேப்டன்ட்ட கேட்டு ஒண்ணு ரெடியாக்குங்க." பள்ளிக்கூடத்து வாத்தியார் போல ஓயாமல் கண்டிக்கிறேன் என்று அவர் எனக்கு வைத்த பெயர் அது.

தனியார் விமானம்தானே, நம் வண்டி, நம் இஷ்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஜெட் விமானம் நாடு விட்டு நாடு பறந்தால், அது ஒருவருக்குச் சொந்தமானதாக இருந்தாலும், அந்த ஏற்பாட்டின் அளவுக்குத் தக்க ஒரு பாதுகாப்பு முறை இருந்தே ஆக வேண்டும் என்பது உலகத்துக்கெல்லாம் பொதுவான விதி. என்ன தவறு நேரலாம் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். யோசித்தது சரியா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். எல்லோருக்கும் அதைக் கற்றுத்தர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உரிமையாளரே பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆலோசகர் ஒருவர் தயாராக வைத்திருந்த கையேட்டை வாங்கிவந்தேன். முந்நூறு பக்கம். அதில் ஓடுபாதையில் உறைபனியை வழித்தெடுப்பது பற்றி மட்டும் பதினொரு பக்கம் இருந்தது. கேப்டன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், லேசில் சிரிக்கமாட்டார். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "பனி எப்ப விழும்னு சொல்லுங்க, ஸ்வெட்டர் வாங்கணும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவரையே உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் காற்று, பருந்து, ஓடுபாதைப் பக்கம் நடமாடும் மயில், வாளையார் எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி மாட்டிக்கொண்டால் தாமதமாகி ஓடிவரும் ஆட்களின் பதற்றம் எல்லாம் அதில் வந்தன. முந்நூறு பக்கம் நாற்பதாகக் குறைந்தது. அதிலும் முக்கியமானதைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதினேன். அந்தப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. "தெரியாமல் செய்த தவறைத் தானாக வந்து சொன்னவர் மேல் எந்த நடவடிக்கையும் கிடையாது."

முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "எங்க ஒப்பிடணும்?" என்றார். காட்டினேன். கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை.

அந்த வரியை எழுதும்போது எனக்கு என் அப்பாதான் நினைவில் இருந்தார். ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அவருக்கு இலை உருட்டும் மெஷினில் வேலை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் நுனி இல்லாமல் இருக்கும். விறகு வெட்டும்போது போனது என்று எங்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். மெஷினுக்கு மூடி இல்லை. அப்பா அதை வெளியே சொல்லவில்லை. "வாயத் தொறந்தா லயத்த விட்டு எறக்கிருவாகன்னு பயந்தாரு" என்றாள். எஸ்டேட்டில் வேலை போனால் குடியிருக்கும் லயத்து வீடும் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா அங்கேயும் விறகுக் கதையையே சொன்னார். அடுத்த வருஷம் அதே மெஷினில் இன்னொருவரின் கை மாட்டியது.

ஆகவே காலிப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வந்தது. எங்கள் விமானப் பிரிவில் மொத்தமே ஆறு பேர். ஆறு பேரும் ஏழு மாதம் ஒரு தப்பும் செய்யவில்லை என்றால் நாங்கள் மனிதர்களே இல்லை. மாதக் கூட்டத்தில் அதட்டிக்கூடப் பார்த்தேன். பயப்படாமல் எழுதச் சொல்லி அதட்டுகிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

அந்த ஆறு பேரில் விமானத்தைத் துடைத்துக் கழுவும் அக்காவும் ஒருவர். கஞ்சிக்கோட்டுக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. மகள் கோவையில் நர்சிங் படிக்கிறாள். விமான நிலையத்துப் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அவர் நிமிர்ந்து உட்காரும் விதமே தனி. கூட்டத்தில் எப்போதும் கடைசி நாற்காலியில் இருப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆயுத பூஜை வந்தது. தொழிற்சாலையில் எல்லா மெஷினுக்கும் பூஜை உண்டு. முதலாளி வந்து ஓரமாக நின்று, எல்லோருக்கும் பொரியும் இனிப்பும் தன் கையால் கொடுத்துவிட்டுப் போவார். விமானத்துக்கும் பூஜை போட வேண்டும் என்று எங்கள் பிரிவு டிரைவரும் அக்காவும் கேட்டார்கள். நான் உடனே காகிதத்தை எடுத்து ஆபத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். கற்பூரம் கூடாது, எரிபொருள் இருக்கும் இடம். தேங்காய் கூடாது, சிரட்டைத் துண்டு எஞ்சினுக்குள் போகும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் கூடவே கூடாது. மாலை, சாமி படத்துக்கு மட்டும். சந்தனம், குங்குமம்? அதில் என்ன இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். விமானத்துக்குச் செய்யும் பூஜைக்கே ஆபத்து மதிப்பீடு எழுதியவள் இந்தியாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று பெருமையாக இருந்தது.

பூஜைக்காக விமானத்தைப் பளபளவென்று கழுவியிருந்தார்கள். படம் எடுக்க அழகாக இருக்காது என்று, நிறுத்தி வைத்திருக்கும்போது தூசி புகாமல் மாட்டும் சிவப்பு நாடா மூடிகளையும் கழற்றியிருந்தார்கள். அக்கா பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்துக் கொண்டுவந்தார். நான் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் ஒதுங்கி நிற்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். மூக்கில் ஒன்று, கதவருகே ஒன்று என்று வைத்துக்கொண்டே போனேன். மூக்கின் இடது பக்கத்தில் பொட்டு வைக்கவென்றே செய்தது போலச் சின்ன வட்டத் தகடு ஒன்று இருந்தது. அதன் நடுவில் தாராளமாக ஒன்று வைத்தேன். டிரைவர் படம் எடுத்தார். சிரித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விமானம் சிங்கப்பூருக்குக் கிளம்ப வேண்டும். ஏழரைக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. நான் வாளையார் தாண்டி பஸ்ஸில் இருந்தேன்.

"ஏனுங் மேடம், ப்ளேன் போயிருச்சுங்களா?"

"இல்லக்கா. ஏன்?"

"நேத்து எல்லாரும் போனதுக்கப்பறம் பொட்டெல்லாம் ஈரத்துணில தொடச்சு உட்டனுங்க. இப்ப ஊட்ல இடியாப்ப அச்சு கழுவுறனுங்க. ஓட்டைக்குள்ளார மாவு காஞ்சு கெடக்குது, ஊசியில குத்துனாத்தான் வருது. அப்பத்தானுங்க நெனப்பு வந்துச்சு. மூக்குக்குப் பக்கத்துல வட்டமா ஒண்ணு இருக்குதல்லங்க? அதுலயும் பொடிசு பொடிசா ஓட்டைங்க. அது அடைஞ்சா கேப்டனுக்குக் கண்ணக் கட்டுன மாதிரின்னு நீங்கதானுங்க கூட்டத்துல சொன்னீங்க. நான் தொடச்சனா, இல்ல உள்ளார தள்ளிட்டனான்னு தெரியிலீங்க."

சொன்னது நான்தான். அந்த ஓட்டைகள் வழியாகப் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் விமானம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கருவிகள் காட்டுகின்றன. படம் போட்டு விளக்கியிருந்தேன். தூங்குகிறார் என்று நான் நினைத்தவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாடம் நடத்தியவள் பொட்டு வைத்திருக்கிறாள்.

கேப்டனைக் கூப்பிட்டேன். "இப்பத்தான் சுத்தி வந்து பார்த்தேன், சுத்தமா இருக்கே" என்றார். டார்ச் அடித்துக் கிட்டத்தில் பாருங்கள் என்று கெஞ்சினேன். போனைத் துண்டிக்காமலே போனார். அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, "மூணு ஓட்டை அடைஞ்சிருக்கு. பெயின்ட் கலர்லயே காஞ்சு போயிருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். ஊசியால் குத்தி எடுக்கிற காரியம் இல்லை. குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கருவி வைத்துச் சோதித்த பிறகுதான் பறக்க வேண்டும். கருவி கொச்சியிலிருந்து வர வேண்டும். அன்றைய பயணம் ரத்து.

நான் போய்ச் சேர்ந்தபோது முதலாளி கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். சிங்கப்பூரில் அவர் பார்க்க வேண்டியிருந்த ஆள் அன்று சாயங்காலமே வேறு நாட்டுக்குப் போகிறவர். ஆறு மாதம் பேசிப் பேசிக் கிடைத்த சந்திப்பு அது. அவர் முகம் சிவந்திருந்தது.

எனக்குப் பின்னாலேயே அக்காவும் வந்து சேர்ந்தார். யாரிடமும் பேசாமல், பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய படிவத்தில் எழுதி, மடித்து உள்ளே போட்டுவிட்டு நின்றார். ஏழு மாதத்தில் முதல் சீட்டு. நான் பூட்டைத் திறந்து எடுத்தேன். "நேத்து பூசை முடிஞ்சு பொட்டை ஈரத்துணியில துடைச்சது நான். ஓட்டை அடைஞ்சது என்னால. வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை" என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வேறு யாருக்கும் சம்பந்தம் இல்லை. அந்த வரியைப் படித்ததும் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி என் கையிலிருந்து சீட்டை வாங்கிப் படித்தார். "போதும். நாளையிலேர்ந்து இவங்க வரவேண்டாம். வேற ஆளப் பாருங்க" என்றார்.

அக்காவின் கை கழுத்திலிருந்த பாஸைப் பிடித்துக்கொண்டது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் ஒன்றும் பொங்கி வரவில்லை. பயம்தான் வந்தது. பொட்டு வைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். இந்த மனுஷியிடம் பிறகு தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், வேறு இடத்தில் வேலை பார்த்துத் தரலாம் என்றுகூட மனம் கணக்குப் போட்டது. என் அப்பாவின் விறகுக் கதையை நானும் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். அது புரிந்தபோது எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"சார், பொட்டு வச்சது நான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சத்தமாகச் சொன்னேன். டிரைவர் அனுப்பியிருந்த படத்தை போனில் எடுத்துக் காட்டினேன். வட்டத் தகட்டின் மேல் என் விரல், மேலே என் சிரிப்பு. "சந்தனம் வைக்கலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான். மூடிய கழட்டினதைப் பார்த்தும் சும்மா இருந்தது நான். அக்கா செஞ்சது ஒண்ணுதான். போன் பண்ணாங்க. அவங்க பண்ணலேன்னா நீங்க இப்ப மேல இருப்பீங்க."

"நானும் சுத்தி வந்து பார்த்தேன், என் கண்ணுல படல. எனக்கும் ஒரு படிவம் குடுங்க" என்றார் கேப்டன். அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

சுவரில் பெட்டிக்கு மேலே அந்த ஒற்றைப் பக்கம் சட்டம் போட்டுத் தொங்கியது. அதைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன். இந்த முறை கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். முதல் வரியிலிருந்து படித்தார். கீழே இருந்த தன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது நான் ஒப்பிட்டதா?"

"ஆமா சார்."

"படிக்காம ஒப்பிட்டேன்."

அவர் விமானத்தின் மூக்கருகே போய் அந்த வட்டத் தகட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து அக்காவின் பக்கம் போட்டார். "உட்காரம்மா. காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்று கேட்டார். அக்கா அப்போதுதான் அழுதார். இடியாப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

அன்று மாலை ஏலப்பாறைக்குப் போன் செய்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த மெசினுக்கு மூடி இல்லேன்னு நான் அன்னைக்கே சொல்லிருக்கணும் தாயி" என்றார். விறகுக் கதை பொய் என்று அவர் என்னிடம் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நான் சொல்லவில்லை. உனக்கு அப்போது யாரும் பெட்டி மாட்டவில்லையே அப்பா என்றேன்.

சிங்கப்பூர் ஆள் பிறகு வீடியோவில் பேசினார். என்ன நடந்தது என்று முதலாளி மறைக்காமல் சொன்னாராம். அந்த மனிதர் சந்தனம் என்றால் என்ன என்று கேட்டு, வாசனையைப் பற்றியே பத்து நிமிஷம் பேசினாராம்.

எங்கள் கையேட்டில் இப்போது புதிதாக ஒரு பக்கம் இருக்கிறது. பொட்டு, விமானத்தை இழுக்கும் வண்டிக்கு மட்டும். விமானத்துக்கு வெறும் கும்பிடு. மூடிகளைக் கழற்றினால் எண்ணிக் கழற்ற வேண்டும், எண்ணி மாட்ட வேண்டும். இதை எழுதியது அக்கா சொல்லச் சொல்ல நான். பெட்டியின் சாவிகளில் ஒன்றும் இப்போது அவரிடம்தான் இருக்கிறது. மாதக் கூட்டத்தில் அவரே திறந்து, சீட்டுகளை அவரே வாசிக்கிறார். அந்த மாதம் என் சீட்டும் கேப்டனுடையதும் வந்தன. டிரைவர் இரண்டு எழுதினார், அதில் ஒன்று என்னைப் பற்றிய புகார். பெட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது.

அதற்கடுத்த மாதக் கூட்டத்துக்கு முதலாளி, யாரும் கூப்பிடாமலே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா பெட்டியைத் திறந்தார். ஒரே ஒரு சீட்டு. பிரித்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார்.

"கொழும்பிலிருந்து திரும்பிய அன்று மழை பெரிதாக இருந்தது. ஒரு மணி நேரம் பொறுக்கலாம் என்று கேப்டன் சொன்னார். கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்திக் கிளம்ப வைத்தது நான். அது தப்பு. இனிமேல் கேப்டன் பொறுக்கச் சொன்னால் பொறுப்பேன்."

கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா நிறுத்திவிட்டார். கேப்டன் கூரையைப் பார்த்தார். அக்கா சீட்டைப் பார்த்தார், கடைசி நாற்காலியைப் பார்த்தார், பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏனுங் மேடம்," என்றார் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "தானா வந்து சொல்லிட்டாருங்கல்ல? அப்ப இவரும் நாளைக்கு வேலைக்கு வரலாமுங்களா?"

முதலில் சிரித்தது கடைசி நாற்காலிதான்.